என் இடத்தில் ஒரு துண்டு

கை கழுவிவிட்டு வருவதற்குள் நான் சாப்பிட உட்காரும் இடத்தில் யாரோ துண்டு போட்டுவிட்டார்கள். இடம் பிடிக்க பஸ் ஜன்னல் வழியாகப் போடுவார்களே, அந்த மாதிரி. எங்கள் ஊரில் துண்டு போட்டால் போட்டதுதான். வீடானாலும் எடுக்கக் கூடாது.

"இது யாரோடது?" என்று மனைவி திலகத்திடம் கேட்டேன்.

"ஆள் வருதாம்." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்த ஆள்?"

"வந்தா தெரியப்போகுது."

எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷமாக அங்கேதான் சாப்பிடுகிறேன். நேர் மேலே ஃபேன், கைக்கெட்டும் தூரத்தில் திலகம். வேறெங்கே உட்கார்ந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. தட்டைப் பார்த்தேன். மொத்தமே இரண்டு அப்பளம். ஆள் வருகிறதென்றால் மூன்றல்லவா பொரித்திருக்க வேண்டும்?

தெருமுனையில் இருக்கும் இட அலுவலகத்துக்கு ஓடினேன். நடக்க நடக்க வராந்தா நீண்டுகொண்டே போனது. பெஞ்சுகளில் எல்லாம் துண்டு, கைக்குட்டை. ஒன்றில் ஒற்றைச் செருப்பு. ஆள் ஒருவரும் இல்லை. கிளார்க் நமச்சிவாயம் நின்றுகொண்டே எழுதினார். அவர் நாற்காலியிலும் துண்டு கிடந்தது.

"சார், என் இடம் போயிடுச்சு."

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"இங்க."

"அப்ப ஒரு இடம் இருக்கே. ஆளுக்கு ஒண்ணுதான்."

"விளையாடாதீங்க சார். எனக்கு என் வீட்டு இடம் வேணும்."

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். "நீங்க முதல்ல வந்தப்ப அது காலியா இருந்துச்சுன்னு வீட்டுக்காரம்மாகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது என் இடத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். துண்டு அவர் தோளில் இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா, பஸ் லேட்டு," என்று திலகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படிவத்தை அவள் கையில் திணித்தேன். முந்தானையில் கையைத் துடைத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"காலியாவா இருந்துச்சு? அன்னிக்கே இவர் துண்டு கிடந்துச்சே. நீங்கதானே எடுத்து வெளிய வீசினீங்க?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"இல்லையே," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பொய்யா எழுதச் சொல்றீங்களா?" என்றாள் திலகம்.

"ஆமா. எழுது."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு அவருக்குச் சோறு போட்டாள்.