ரீத்தா வீட்டுக் குமிழி

புயலடித்த மறுவருடம், கடியப்பட்டணம் ரீத்தாவின் அடுப்படியில், உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு குமிழி பிறந்தது. அன்று சாளை மீன் கொள்ளை மலிவு. குமிழிக்குள் போன பொருள் பொய்யை விட்டுவிடும். காப்பித்தூளை நீட்டினால் பாதி புளியங்கொட்டைத் தூளாக வெளியே வந்தது. நாகர்கோவில் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நாத்தனார் மகள் ஸ்மிதா வந்து குனிந்து பார்த்தாள்.

"பயப்படாதீங்க மாமி. நம்ம உலகத்துக்க அமைதி பொய் அமைதி. நெசமானது இதுக்க உள்ள இருக்கு. சின்னதா இருந்தா அதுக்க தோலே இழுத்துச் சுருக்கிரும். கொஞ்சம் பெருத்துட்டுன்னா பின்ன நிக்காது."

சுருங்கத்தான் பார்த்தது. ஊர் விடவில்லை. புயலன்று கடலுக்குப் போன ரீத்தாவின் கணவன் ஏசுஅடிமையின் உடல் கரைக்கு வந்திருக்கவில்லை. உடல் வராதவனைச் செத்தவன் என்பது அந்தக் கரையில் பெரும்பாவம். வீட்டுக்கு வருகிறவர் "வந்துருவான்" என்று சொல்லாமல் இறங்கக் கூடாது. அன்று அவனுடன் கடல் தொழிலுக்குப் போன ஜெஃப்ரின், அண்ணன் வேறொரு வள்ளத்தில் ஏறியதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியமே செய்திருந்தான். ஒவ்வோர் ஆறுதலுக்கும் குமிழி ஒரு சுற்றுப் பெருத்தது. நல்ல மனசுக்காரர்கள் பாவம், நிறையப் பேர் வந்தார்கள்.

அடுப்படி கொள்ளாமல் ஆனபோது இளவட்டங்கள் துடுப்பால் இடித்தார்கள். விழுந்த பள்ளம் விரிகிற வேகத்திலேயே நிரவி, பழையபடி உருண்டையானது. புனித நீர் தெளித்தார்கள், நனைந்துகொண்டே வளர்ந்தது. ரீத்தா மட்டும் கணவனின் சட்டை தொங்கிய மூலையில் நின்றுகொண்டு முதுகால் அதைத் தள்ளிப் பிடித்தாள். அவள் முதுகளவுக்குக் குழிந்தது. அந்த இடத்தில் மட்டும் ஏசுஅடிமை இன்னும் ஏதோ வள்ளத்தில் உயிரோடு இருந்தான்.

ஆறுதல் சொல்ல வந்த ஜெஃப்ரினை வாசலிலேயே குமிழி விழுங்கியது. உள்ளேயிருந்து அவன் சொன்னான்: "அக்கா, அண்ணன் எங்கயும் ஏறல்ல. தாழ்ந்தத நான் கண்டேன்."

"ஏலே, இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அன்னைக்கே அழுதிருப்பேன்லா?"

முதுகை எடுத்துக்கொண்டாள். குழிவு நிரவிற்று.

இப்போது குமிழி இரணியல் ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது. ரயில் எவ்வளவு தாமதம் என்பதை உள்ளபடி சொல்கிறார்கள். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. கல்லறைத் திருநாளன்று ரீத்தா வெறும் மண்ணில் மெழுகுதிரி கொளுத்தினாள். சட்டையைத் துவைத்து ஜெஃப்ரினுக்கே கொடுத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் தொழிலுக்குப் போகிறான். திரும்பி வருவானா என்று அவள் கேட்பதில்லை.