உள்ளே தங்கிய குண்டு

"குளிப்பாட்ட வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்று இமாம் கையை உயர்த்தினார். தண்ணீரோடு குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"அநியாயமாக் கொல்லப்பட்டவன் ஷஹீது. போட்டிருக்கிற உடுப்போட, ரத்தத்தோடவே போகட்டும். மறுமையில அந்த ரத்தம்தான் அவனுக்குச் சாட்சி."

வாசல் திரைக்குப் பின்னால் நின்று நஜ்லா கணவனைப் பார்த்தாள். காலையில், "தொட்டி ஒழுகுது, டீயை ஆத்தி வை" என்று ஸ்பேனரோடு மாடியேறிய மிஜ்பில். மார்பில் ஒரு துளை. முதுகில் எதுவுமில்லை. குண்டு உள்ளேயே தங்கிவிட்டது. தெருவில் போன அந்நியப் பட்டாளம்தான் சுட்டது என்று தெருவே சொன்னது. பட்டாளம் வேறு மாதிரிச் சொன்னது: ஃபுராத் ஆற்றங்கரைப் பேரீச்சந்தோப்பிலிருந்து தீவிரவாதிகள் சுட்டார்களாம்.

உடலைக் கிடத்திய கட்டிலைத் தூக்கப் போகும் நேரத்தில் கவச வண்டி வந்து நின்றது. இறங்கியவர் ஓர் இளம் அதிகாரி. கூடவே முகமூடி போட்ட மொழிபெயர்ப்பாளன்.

"உடம்பை ஒரு நாள் கேக்குறார். டாக்டர் குண்டை எடுப்பாராம். யார் துப்பாக்கிக் குண்டுன்னு அதை வச்சுத்தான் சொல்ல முடியுமாம்" என்றான் அவன்.

மிஜ்பிலின் அண்ணன் ஸப்பார் முன்னால் வந்தார். தம்பியை மாடியிலிருந்து தோளில் சுமந்து இறக்கியவர் அவர்தான். சட்டையில் இன்னும் ரத்தம் காயவில்லை. "முகமூடியக் கழட்டிட்டுப் பேசுடா. எந்த வீட்டு ரொட்டியத் தின்னு வளந்தவன்னு பாப்போம்."

"கழட்டினா நாளைக்கு எனக்கும் இதே கட்டில்தான், மாமா."

"அவனை ஒரு தடவை கொன்னது பத்தாதா? இப்ப அறுக்கணுமா? மையித்தோட எலும்பை முறிக்கிறதும் உயிரோட முறிக்கிறதும் ஒண்ணுதான்டா!"

அதிகாரி தலையசைத்துக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். "மனைவி சொல்லணுமாம்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

முற்றத்தில் இருந்த அத்தனை முகமும் திரைப்பக்கம் திரும்பியது. 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற சொல் நஜ்லாவின் நாக்கு நுனியில் நின்றது. அந்தக் குண்டு மண்ணுக்குள் போய்விட்டால் மிஜ்பிலைக் கொன்றவன் யாருமில்லை என்றாகிவிடும்.

ஸப்பார் திரையோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீ அறுக்க விட்டேன்னு வை, இந்த வாசல் உனக்கில்ல. நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போகலாம். பிள்ளைங்க எங்க ரத்தம், இங்கதான் இருக்கும்."

சொன்னதைச் செய்கிற ஆள். அவளுக்குத் தெரியும்.

திரையைப் பிடித்துக்கொண்டே நஜ்லா கேட்டாள். "குண்டு அவங்களுதுன்னு தெரிஞ்சா, சுட்டவனை என்ன செய்வாங்க?"

அதிகாரி நெடுநேரம் பேசினார். மொழிபெயர்ப்பாளன் சுருக்கமாகச் சொன்னான். "அவங்க ஊருக்கு அனுப்பி விசாரிப்பாங்களாம். அப்புறம் என்னன்னு இவரால சொல்ல முடியாதாம்."

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"மீதியெல்லாம் வருத்தம், அக்கா."

உள்ளறையில் சின்ன மகள் அழுதாள். யாரோ தட்டிக் கொடுத்தார்கள். கட்டிலின் நான்கு காலையும் பிடித்தவர்கள் குனிந்தபடியே காத்திருந்தார்கள்.

"வேண்டாம்" என்றாள் நஜ்லா.

மொழிபெயர்ப்பாளன் அதை ஒரே சொல்லில் சொன்னான். அப்போதுதான் அவள் அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். தூக்கி நின்ற அவர் தோள்கள் இறங்கின. இழுத்துப் பிடித்திருந்த மூச்சை மெல்ல விட்டார். பரீட்சை ரத்தானதைக் கேட்ட பையனின் முகம் அது.

"என்ன சொல்றார்?"

"குடும்பம் சம்மதிக்கலைன்னு மேல சொல்லிடுவாராம். இதோட விசாரணை முடிஞ்சிடும், அக்கா."

"லா இலாஹ இல்லல்லாஹ்..." ஆண்களின் குரல் எழுந்தது. கட்டில் தோளேறி வாசலைக் கடந்துவிட்டது.

"நில்லுங்க!" நஜ்லா திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள். "இறக்குங்க! எடுக்கச் சொல்லுங்க... அதை எடுக்கச் சொல்லுங்க!"

கலிமாச் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப்போயிற்று. வெளிக்கதவருகே பெண்கள் அவளை வளைத்துப் பிடித்தார்கள். மண்ணறைக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை.

"கத்தட்டும் விடுங்கடி. அழுதாத்தான் ஆறும்."

"நான் அழலை! கையை விடுங்க!"

"அப்படித்தான்மா இருக்கும் முதல்ல."

பிணத்துக்கு வழிவிடக் கவச வண்டி மரியாதையாகப் பின்வாங்கி நின்றது. அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். கட்டில் அவரை உரசினாற்போல் கடந்து, மண்ணறைப் பக்கம் திரும்பியது. வண்டி பாலத்துப் பக்கம் திரும்பியது. இரண்டு பக்கமும் புழுதி எழுந்தது.

"வீட்டுக்குள்ள மண்ணு வருது" என்று சொல்லி, ஸப்பாரின் மனைவி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.