இரண்டாவது ஆல்பத்தின் ஆறாவது பாட்டு

முதல் ஆல்பம் வெளிவந்தபோது பாடகனின் மனைவி உயிரோடு இருந்தாள். அவனுடைய குழு வாசித்தது மெட்டல்கோர் என்ற ராக் இசை. அதென்றால் தொண்டை கிழியக் கத்துவதும் காது கிழிய அடிப்பதும்தான். ஆனால் இவர்கள் பாடியதெல்லாம் இயேசுவைப் பற்றி. "உங்க பாட்டைக் கேட்டா பிசாசு மட்டுமில்ல, பக்கத்து வீட்டுக்காரங்களும் ஓடிடுவாங்க" என்று அவள் சிரிப்பாள். டிரம்ஸ் வாசித்தவன் அவளுடைய அண்ணன். குழுவில் அவனுக்குப் பெயர் இடி.

இரண்டாவது ஆல்பத்துக்காக ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது, அவள் புற்றுநோயில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஐந்து பாட்டுகள் தடையில்லாமல் முடிந்தன. ஆறாவது, அவளைப் பற்றிப் பாடகன் எழுதியது. வழக்கம்போல எல்லாரும் கைகோர்த்து ஜெபித்துவிட்டு ஆரம்பித்தார்கள். பாதிப் பாட்டில் இடி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். பாடகன் பின்னாலேயே போனான். இடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மச்சான், தாளம் உதைக்குதா?"

"தாளம் வருது மாப்ளே. வார்த்தைதான் உதைக்குது. 'புன்னகையோடு உறங்கினாள்'னு எழுதியிருக்க. அவ அப்படியா போனா? 'பயமா இருக்குண்ணா'ன்னு என் கையை விடவே இல்ல. அன்னையிலருந்து எனக்கு ஜெபமே வரல. உங்களுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறேன், அவ்ளோதான்."

பாடகன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்கிட்டயும் சொன்னா மச்சான். எழுதத்தான் தைரியம் வரல. சபையில ஆறுதலா இருக்கட்டும்னு பூசி மெழுகிட்டேன்."

"நீ இன்னும் நம்புறியா?"

"நம்புறேன். ஆனா அவர் மேல கோவமா இருக்கேன்."

இடி நிமிர்ந்து அவனைப் பார்த்தான். "அதை எழுது. அதுக்கு நான் அடிக்கிறேன்."

அன்று மாலைக்குள் வரிகள் மாறின. கிட்டார்காரருக்கு மனம் ஒப்பவில்லை.

"அவ பயந்துக்கிட்டே போனான்னு பாடினா, கேக்கிறவங்க விசுவாசம் ஆட்டம் காணாதா தம்பி?"

"என்னோடது ஆடாமயா இருந்துச்சுண்ணே?" என்றான் பாடகன்.

அவர் கிட்டாரை மாட்டிக்கொண்டார். பதிவின்போது, 'பயம்' என்ற இடத்தில் பாடகனின் கத்தல் உடைந்து வெறும் காற்றாகிப்போனது. இன்னொரு முறை எடுக்கலாமா என்று ஒலிப்பதிவு செய்த அக்கா கேட்டார்.

"வேணாம்க்கா, அப்படியே இருக்கட்டும்" என்றான் இடி.

ஆல்பம் வெளியானதும் ஒரு சபை, ஏற்பாடு செய்திருந்த கச்சேரியை ரத்து செய்தது. மற்ற இடங்களில் வழக்கம்போலக் கூட்டம் வந்தது. மேடையேறும் முன் மற்றவர்கள் ஜெபிக்கும்போது இடி தன் டிரம்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருப்பான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

ஒரு கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்தபின், பஸ் டிரைவர் சீருடையில் ஒருவர் தயங்கித் தயங்கி இடியிடம் வந்தார்.

"என் வீட்டுக்காரியும் அப்படித்தான் தம்பி, ரொம்பப் பயந்தா. யார்கிட்டயும் சொல்லல."

இடி, தான் உட்கார்ந்திருந்த ஸ்பீக்கர் பெட்டியில் சற்று நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தான்.