குருசடிக்கு மேலே மஞ்சள் டாங்கு

“அந்த டாங்குல கை வச்சேன்னா நடக்கியதே வேற, செல்லிட்டேன்!”

“எனக்க வீட்டு டாங்கு, எனக்க வீட்டு மாடி. அதைக் கேக்க நீரு யாரு ஓய்?”

“யாரா? ஏலே, கத்தாருக்குப் போய் ரெண்டு வருசம் ஏசில இருந்ததும் ஊர்க்காரன யாருன்னு கேப்பியா?”

“ஊர்க்காரனுக்குத் தண்ணி வேணும்னா குடம் கொண்டு வாரும். டாங்கு இன்னைக்கு எறங்கத்தான் செய்யும்!”

மேலே மொட்டை மாடியில் நின்று கத்தியவன் அபின். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். மாடியில் ஷீட் போட்டு ஒரு அறை எடுக்க வேண்டும், அதற்கு நடுவில் நிற்கிற மஞ்சள் தண்ணீர்த் தொட்டி இடைஞ்சல். கீழே ஏணியின் முதல் படியில் காலை ஊன்றி ஏணியையே சிறைபிடித்து நின்றவன் மரியான், வள்ளத்துக்காரன். இருவருக்கும் நடுவில், ஏணியின் பாதியில், கையில் ஸ்பேனரோடு குளச்சலில் இருந்து வந்த பிளம்பர். பாவம், அந்த மனிதனால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

நான் பக்கத்து வீட்டுக்காரி. சண்டை பார்க்கவென்று போகவில்லை. மதிலோரம் துணி காயப்போடப் போனேன். வாளியில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது, அதை நாலு தடவை பிழிந்தேன் என்பது வேறு விஷயம்.

“காரணம் செல்லும், அண்ணே,” என்றான் அபின், குரலைக் கொஞ்சம் இறக்கி. “ஒரு தண்ணி டாங்குக்கு என்னத்துக்கு இந்தப் பாடு?”

மரியான் வாயைத் திறந்தான், மூடினான். தெருவில் அதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். அதில் பெர்லினும் நின்றான். கையில் தேநீர் கிளாஸ், முகத்தில் ஒன்றும் தெரியாத பாவம். எங்கள் துறையில் மரியானைவிடப் பெரிய வள்ளம் அவனுடையது, பெரிய காதும் அவனுடையதுதான்.

மரியானால் ஏன் காரணம் சொல்ல முடியவில்லை என்பதை நான் சொல்கிறேன். அவனோடு வள்ளத்தில் போகிற ஜெஸ்பின் எனக்கு மச்சினன் முறை. மூன்று தோசை வைத்தால் கடலடி வரைக்கும் சொல்லிவிடுவான்.

கரையில் இருந்து ஆறு கிலோமீட்டரில், பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழத்தில், ஒரு பழைய இரும்புக் கப்பல் தாழ்ந்து கிடக்கிறது. யாருடைய கப்பல், எந்தக் காலத்துக் கப்பல் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தச் சண்டைக்கு ஒன்பது வருடம் முன் ஒருநாள் மரியானின் நங்கூரம் எதிலோ மாட்டியது. பாடுபட்டு இழுத்தபோது துருப்பிடித்த தகடு ஒன்று கூடவே வந்தது. அன்றிலிருந்து அது அவனுடைய கப்பல். வலை போட்டால் வலை கிழிந்துபோகும், தூண்டில்தான் போட வேண்டும். அதிலும் ஈயக்குண்டு கட்டமாட்டான். ஒரு கல்லை நைந்த நூலில் கட்டி இறக்குவான். இரும்பில் சிக்கினால் நூல் அறுந்து கல் மட்டும் போகும், தூண்டில் பிழைக்கும். ஒரு ஆள் கஷ்டப்பட்டுத் தூக்குகிற கலவா மீன்களை அவன் கொண்டு வருவதெல்லாம் அங்கிருந்துதான். பக்கத்தில் வேறு வள்ளம் வருவது தெரிந்தால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்று, ரொம்ப மும்முரமாக ஒன்றும் பிடிக்காமல் இருப்பான்.

ஜிபிஎஸ் அவனிடமும் உண்டு. ஆனால் முன்பு ஒரு நல்ல பாறையிடத்தை அதில் பதிந்து வைத்து, பழுதுபார்க்கக் கொடுத்தபோது, அந்த எண் எப்படியோ பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு கப்பலை அவன் எந்த மெஷினிலும் ஏற்றவில்லை. பழையபடி கணியம்தான். கரையில் இருக்கிற இரண்டு பொருள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் வள்ளத்தை நிறுத்துவது. அப்படி இரண்டு கோடு பார்த்து, அவை வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்குவது. கிழக்கே ஒரு மலையை வைத்து ஒரு கோடு. மற்றது, கடற்கரையில் குருசடி என்கிற சின்ன ஜெபக்கூடத்தின் சிலுவைக்கு நேர் மேலே தெரிகிற மஞ்சள் டாங்கு. அதாவது பிளஸ்ஸி வீட்டு டாங்கு.

பிளஸ்ஸி அபினின் அக்கா. நெய்யூரில் நர்ஸ். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, தம்பியைக் கத்தாருக்கு அனுப்பி, முடித்துத் திரும்பிப் பார்க்கையில் முப்பத்திநாலு வயது. இந்தத் தெருவில் மரியானுக்கு இளையவர்கள் எல்லாரும் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பிளஸ்ஸி மட்டும் கூப்பிடமாட்டாள். “நிக்கணும்”, “இதைப் பிடிங்க” என்று மொட்டையாகத்தான் பேசுவாள். எனக்கு இது போதும். மற்றவர்களுக்குத்தான் விளக்கம் வேண்டும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். சண்டைக்கு முந்தின வாரம் அவளுக்குக் கூரியர் வந்தபோது வீட்டில் ஆளில்லை, நான்தான் வாங்கி வைத்தேன். கவர் சரியாக ஒட்டியிருக்கவில்லை. அயர்லாந்தில் வேலை. அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் அனுப்ப வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு கையைப் பிடித்துவிட்டாள்.

“அக்கா, மாதா மேல சத்தியமா யாருட்டயும் செல்லப்பிடாது.”

“போவப் போறியா பிள்ளே?”

“போகாண்டாம்னு செல்ல ஒரு ஆளு வந்தா போகமாட்டேன்.”

“வரல்லன்னா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன்.”

எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சத்தியம் மட்டும் பண்ணிக்கொடுத்துவிட்டேன்.

ஏணிச் சண்டை நடந்தது அந்த வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

அபின் மேலிருந்து பொறுமையிழந்து, “காரணம் இல்லாம நிக்கியதுக்குப் பேரு கிறுக்கு!” என்று கத்தினான். தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் மரியானின் வாய் அவன் கையைவிட்டுப் போனது.

“லேய், குருசடிக்கு மேல அந்த டாங்கு தெரியல்லன்னா நான் கடல்ல எங்கலே போய் நிப்பேன்?”

பெர்லின் கிளாசை மெதுவாகக் கீழே வைத்தான். பிறகு குருசடியைப் பார்த்தான், டாங்கைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். ஒன்பது வருடம் பொத்தி வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு மரியான் வெளிறிப்போய் நின்றான்.

அந்த நேரம் பார்த்துதான் பிளஸ்ஸி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தாள். வெள்ளை உடுப்பு, தோளில் பை. யாரோ எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார்கள் (நான்தான்). பிளம்பரை இறங்கச் சொன்னாள். அபினை வாயை மூடச் சொன்னாள். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள், கலைந்தது. மரியானை மதிலோரம் நிழலுக்குக் கூப்பிட்டாள். அது என்னுடைய மதில் என்பதற்கு நான் என்ன செய்ய?

“எத்தன வருசமா டாங்கைப் பாக்கியிய?”

“ஒம்பது.”

“கோயில் கோபுரம் அதைவிட உயரம்தானே? அதை வச்சுப் பாத்தா ஆகாதா?”

“ஆகும். கோபுரத்த எல்லாவனும் பாப்பான்.” அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “டாங்கை நான் மட்டுந்தான் பாக்கியேன்.”

அவள் தோளில் இருந்த பையை இறக்கி மதில்மேல் வைத்தாள்.

“காலைல ஏழு மணிக்கு நான் துணி காயப்போட மாடிக்குப் போவேன்,” என்றாள். “டாங்குகிட்ட நின்னு பாத்தா, சிலுவைக்க மேல ஒரு வள்ளம் நிக்கும். தினமும் அதே எடம். ஒரு பொட்டு மாதிரி. பஸ்ஸு போயிடும்னு தெரிஞ்சும் பாத்துட்டு நிப்பேன்.”

“அது நான்தான்.”

“தெரியும்.”

நான் கையில் இருந்த துண்டைக் கடித்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் ஒரு பெண் வந்துவிட்டாள். இனி ஒரு வார்த்தைதான் பாக்கி. கடலில் பதினைந்து பாகம் ஆழத்தில் மீன் தூண்டிலைத் தொட்டால் தெரிந்துகொள்கிற மனிதன், ஒரு முழம் தள்ளி நின்றவளை விட்டுவிட்டு மதிலில் பாசியைச் சுரண்டினான்.

“அப்ப எனக்கிட்ட கேக்கியதுக்கு ஒண்ணும் இல்லியா?” என்றாள் அவள்.

“இருக்கு.”

“கேளுங்க.”

“டாங்கை எறக்காண்டாம்.”

“டாங்கு மட்டுந்தானா?”

மாடியில் இருந்த டாங்கை அண்ணாந்து பார்த்தான். பிறகு, “ஆமா,” என்றான்.

தேங்காய் துருவுகிற திருவலை மதிலுக்கு மேலாக அவன் தலையில் போட்டிருப்பேன், கனம் அதிகம்.

பிளஸ்ஸி தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைக்கவில்லை, குரலும் உடையவில்லை. திரும்பி மாடியைப் பார்த்து, சாதாரணமாகச் சாமான் எடுத்துத்தரச் சொல்வதுபோல், “அபின், டாங்கை எறக்கு,” என்றாள்.

மறுநாள் காலையில் பெர்லின் குருசடிக்கு நேரே கடலுக்குள் ஒரு கோடு பிடித்து, கடலடியைக் காட்டுகிற எக்கோ மெஷினைப் போட்டுக்கொண்டே போனான். மெஷின் இருந்தால் ஒரு கோடு போதும், இரண்டாவது தேவையில்லை. எட்டு மணிக்குள் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டான். மரியான் அங்கே போனபோது நாலு வள்ளம் நின்றது. “அண்ணன் சண்டைக்குப் போகல்ல,” என்றான் ஜெஸ்பின், தோசையைத் தொடாமல். “தூண்டிலும் போடல்ல. கரையவே பாத்துட்டு இருந்தாரு. குருசடிக்கு மேல ஒண்ணுமில்ல, வெறும் வானம்.”

வியாழன் போனது. வெள்ளிக்கிழமை மாலை அவள் சம்மதக் கடிதத்தை அனுப்பினாள். அனுப்புமுன் என் வீட்டு வாசலில் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். நானும் சும்மா இருந்தேன்.

மரியானுக்கு விஷயம் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரி பிளஸ்ஸிக்காக மன்றாடுவோம் என்று ஃபாதர் சொன்னதும், ஆண்கள் பக்கத்தில் ஒருவன் எழுந்து வெளியே போனதை நான் பார்த்தேன். பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது என் பின்வாசலில் நின்றான்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா அக்கா?”

“தெரியும் மக்கா.”

“செவ்வாய்க்கிழமையும் தெரியுமா?”

“தெரியும்.”

“ஊரு முழுக்க எல்லாக் கதையும் செல்லுவிய,” என்றான் மரியான். “எனக்கு ஒரு வார்த்தை செல்லல்லியே.”

சத்தியம் பண்ணியிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் காப்பாற்றிய ஒரே சத்தியம் அது. அவன் அதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டான். ஆறு வாரம் கழித்து அவளுக்கு விமானம். அந்த ஆறு வாரத்தில் அவன் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டவளை இனி எப்படித் தடுப்பது என்று ஜெஸ்பினிடம் கேட்டானாம்.

அபின் கல்யாணம் நன்றாக நடந்தது. பெண் முட்டத்துக்காரி, மாடி அறையில் காற்று பத்தாது என்று இப்போது இரண்டு பேரும் குளச்சலில் வாடகைக்கு இருக்கிறார்கள். பெர்லினும் மற்றவர்களும் ஒரே சீசனில் அந்தக் கப்பலை ஒட்டப் பிடித்துக் காலியாக்கினார்கள். பிளஸ்ஸி அயர்லாந்தில் மூன்றாம் வருடம், கூட வேலை பார்க்கிற கோட்டயத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். போட்டோ எனக்கும் வந்தது. மரியான் வள்ளத்தை ஜெஸ்பினுக்குக் கொடுத்துவிட்டு, கரை கண்ணுக்கே தெரியாத ஆழ்கடலுக்குப் போகிற பெரிய போட்டில் சேர்ந்து கொச்சிக்குப் போனான். அவன் கல்யாணமே கட்டவில்லை. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வருவான், மூன்று நாள் இருப்பான், போவான்.