இளவேனிலுக்கு 'டேக்' சொல்லிக்கொடுத்த கதை

1

"உங்க இங்கிலீஷ் நல்லா இருக்குதுங்க. எங்க படிச்சீங்க?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. ஃபோனில் கேட்டவர் பிரத்யுஷா. தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வசதியான முதியவர்களுக்கென்று நடக்கும் இல்லம் ஒன்றில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர். பதில் சொன்னவள் மாரியாத்தாள், ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவள் சொன்ன பெயரும் படிப்பும் அவளுடையவை அல்ல. அக்கா இளவேனிலுடையவை. நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்து அந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தது இளவேனில்தான்.

(மாரி என்பது நான்தான். 'நான்' என்று இரண்டு முறை தொடங்கிப் பார்த்தேன். இரண்டு முறையும் நல்லவளாகவே வந்துகொண்டிருந்தேன். அதனால் மாரி என்றே இருக்கட்டும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: மலைக்காற்று மெல்ல இறங்கி வந்த ஒரு மாலையில் அக்காவும் தங்கையும்

அடித்துவிட்டேன். காற்று இறங்கவில்லை. அன்று புழுக்கம்.

அடுத்தது: 'டேக்' என்பது ஆங்கிலத்தில் எல்லோருக்கும் தெரிந்த எளிய வினைச்சொல்.

இது நிற்கட்டும்.

இளவேனில் ஞாயிறுதோறும் காந்திபுரத்தில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போய், ஜெராக்ஸ் தாள்களோடு வருவாள். ஒரு தாளுக்கு ஒரு வினைச்சொல், அதோடு சேரும் பெயர்ச்சொற்கள். 'டேக்' மட்டும் இரண்டு பக்கம். தாளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது மாரியின் வேலை.*

"குளிக்கறதுக்கு?"

"பாத்."

"டேக் எ பாத்."

"ஏம் புள்ள, குளிக்கறதப் போய் எதுக்கு எடுக்கறாங்க? எடுத்து எங்க கொண்டுட்டுப் போறாங்க?"

"என்னையக் கேட்டா? தாள்ல அப்படித்தான் இருக்குது. மாத்திரைக்கு?"

"ஈட்."

"அதுக்கும் டேக்குதான்க்கா. சரி, தப்புப் பண்றதுக்கு?"

"டேக் எ மிஸ்டேக்."

"மேக். மேக் எ மிஸ்டேக்."

"அதுக்குள்ளயே ஒரு டேக் உக்காந்திருக்குதல்லோ! அவனுகளுக்கே ஒரு நெலவரம் இல்ல, நம்ம உசுர வாங்கறானுக."

படுத்திருந்த அம்மா காளியாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தமிழில் காய்ச்சலைப் பார்க்கிறோம், மாத்திரையைப் போடுகிறோம், நாற்காலியில் உட்காருகிறோம், காலாற நடக்கிறோம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் இருக்கிறது. அங்கே இத்தனைக்கும் டேக் ஒன்றே போய் நிற்கிறது. ஒரே கூலியாளைத் தேங்காய் உரிக்கவும் தண்ணீர் கட்டவும் மாட்டுக்குப் புல் அறுக்கவும் விரட்டுகிற தோட்டத்துக்காரர் மாதிரி. மாரிக்கு அந்தச் சொல்மேல் இரக்கம் வந்தது, அதனாலேயே மனதில் தங்கிவிட்டது. இளவேனிலுக்குக் கோபம்தான் வந்தது.

* அம்மா தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு போனபோது வீட்டில் ஒருத்தி இருக்க வேண்டியிருந்தது. யார் என்ற பேச்சே எழவில்லை. அக்கா அப்போது பன்னிரண்டாவது.

3

பிரத்யுஷாவின் அழைப்பு வந்தபோது இளவேனில் "ஹலோ" என்றாள். அதோடு உதடு ஒட்டிக்கொண்டது. ஃபோனை மாரியின் மடியில் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். தங்கையைக் கும்பிடுகிற அக்காவை மாரி அதற்குமுன் பார்த்ததில்லை.

காலையில் ஒரு வயதானவரை எழுப்பியதும் என்னென்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேள்வி. மாரி கண்ணை மூடிக்கொண்டாள். டெம்பரேச்சர், பல்ஸ், பாத், மெடிசின், வாக். ஒவ்வொன்றின் முன்னாலும் டேக் வந்து நின்று தூக்கிக் கொடுத்தது. அப்புறம்தான் 'எங்க படிச்சீங்க' என்ற அந்தக் கேள்வி, தமிழில்.

வேலை கிடைத்தது. இளவேனில் தையல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இல்லத்திலேயே தங்கப் போனாள். போன மூன்றாம் நாளிலிருந்து குளியலறைக்குள் நின்று அம்மாவின் ஃபோனுக்கு அழைக்க ஆரம்பித்தாள்.

"மாரி, சீக்கிரம் சொல்லு. இன்னிக்கு நடக்க மாட்டேங்கறாங்க, கால் வலின்னு படுத்துட்டாங்கன்னு எப்படிச் சொல்றது?"

மாரி சொல்வாள். இளவேனில் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு வெளியே போவாள். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அந்த இரண்டு மாதமும் மாரி சந்தோ

(இதை முடிக்க முடியவில்லை.)

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை இளவேனில் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, தொரைசானியாட்டப் பேசறயாமா? உங்கம்மா சொல்லிச் சொல்லி மாயறா. சின்னவளுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிக்குடுக்கறது?"

இளவேனில் சிரித்தாள். "இவளுக்குங்களா? ஏபிசிடியே ததிங்கிணத்தோமுங்க. மாட்டுக்கிட்ட வேணா இங்கிலீஷ்ல பேசட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாரியும் சிரித்தாள். இளவேனில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டாள்.

(இளவேனிலைக் கெட்டவளாக்க எனக்கு இங்கே நல்ல இடம் இருக்கிறது. இரண்டு வரி கூட எழுதினால் நீங்கள் என் பக்கம் வந்துவிடுவீர்கள். அவள் பயந்துபோய்த்தான் அப்படிச் சொன்னாள். யாரோ கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம். அது மாரிக்கும் அன்றைக்கே தெரியும்.)

5

புதன்கிழமை மதியம். மற்றவர்கள் கீழே சாப்பாட்டில் இருந்தார்கள். மாடியில் அம்புஜம் என்ற எண்பது வயது அம்மாளுக்கு மூச்சுத் திணறியது. இல்லத்து டாக்டர் பெங்களூரில் இருப்பவர், தமிழ் தெரியாது. ஃபோனில் நிலைமையைச் சொன்னால்தான் அடுத்தது நடக்கும். இளவேனில் டாக்டரை அழைக்கவில்லை. மாரியை அழைத்தாள். மாரி எடுக்கவில்லை.

(அ) ஃபோன் சார்ஜில் கிடந்தது. மாரி மாட்டைப் பிடித்துக் கட்டப் போயிருந்தாள்.

(ஆ) கையில் இருந்தது. தோட்டத்துக் கோடியில் டவர் இல்லை.

(இ) கையில் இருந்தது. டவரும் இருந்தது. அம்மாவின் ஃபோனில் தானே பதிந்து வைத்த 'அக்கா' திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மாரி நின்றாள். ஒரு தடவை தவிக்கட்டும், அடுத்த தடவை பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நான்கு தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு இனிப்பாக இருந்தது.

கடைசி வாக்கியத்தை மூன்று முறை அடித்து மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னது (அ).

6

மறுநாள் மாலை இல்லத்து வண்டியில் இளவேனிலையும் பெட்டியையும் கொண்டுவந்து விட்டவர் டிரைவர் முஜீப்.

"பதினோரு நிமிசம் போயிருச்சுங்கம்மா," என்றார் அம்மாவிடம், குரலைத் தாழ்த்தி. "சூப்பர்வைசர் மேல வந்து பாத்துத்தான் டாக்டரக் கூப்பிட்டிருக்காங்க. பெரியம்மா இப்ப ஐசியூல. பொழைச்சுக்குவாங்கன்னு சொல்றாங்க, ஆனா யாரையும் அடையாளம் தெரியலீங்க. அந்நேரத்துல எதுக்கு ஊட்டுக்கு ஃபோன் போட்டேன்னு பிரத்யுஷா மேடம் எவ்வளவோ கேட்டுப் பாத்தாங்க. பாப்பா வாயே தொறக்கல."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாரி தண்ணீர் கொண்டுவந்து இளவேனில் முன்னால் வைத்தாள். இளவேனில் தொடவில்லை.

இனி முடிவு. யோசித்து வைத்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: "ஏம் புள்ள ஃபோனெடுக்கல?" என்று இளவேனில் கேட்கிறாள். மாரி (இ)யைச் சொல்கிறாள். இளவேனில் ஓங்கி ஓர் அறை விடுகிறாள். பிறகு இருவரும் அழுகிறார்கள். அறை விழுந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இரண்டு: மாரி பிரத்யுஷாவைத் தேடிப் போய், அன்று பேசியது நான்தான் என்கிறாள். பிரத்யுஷா, "அந்த வேலைக்கு நீயே வர்றியா?" என்கிறார். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அதிகமாக நினைத்துப் பார்த்தது இதைத்தான்.

மூன்று: அம்புஜம் அம்மாளுக்கு நினைவு திரும்பி

இல்லை. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் எங்களுக்கு வரவில்லை.

எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததற்கு முடிவு என்று பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இளவேனில் தலை சீவி, பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"எங்க சாமி போற?" என்றாள் அம்மா. "பழைய கம்பெனிக்கா? சாப்பிட்டுப்போட்டுப் போ கண்ணு."

மாரி வாசலில் பால் சொம்போடு நின்றிருந்தாள். சொல்லிவிட வாயைத் திறந்தாள். "அக்கா" என்ற அளவுக்கு வந்தது. இளவேனில் நின்றாள். தங்கையின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அவளுக்கு (இ) தெரிந்திருந்தது.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். டவுன் பஸ் வந்தது. ஏறி, எங்கள் வீடு தெரியாத பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தாள்.