சுத்தமான அட்டை

மகள் புது மோட்டார் சைக்கிள் வாங்கி வந்ததிலிருந்து ஐந்து நாளும், விடிந்ததும் நான் ஷெட்டுக்குப் போய் அதன் அடியில் விரித்திருந்த அட்டையைக் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஆயில் இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம்தான் கூடியது.

அட்டையை விரித்தவள் நான்தான். "எதுக்கும்மா இது? இந்தக் காலத்து வண்டி ஒழுகாது" என்று மகள் சிரித்தாள். அவள் சொன்னது சரி. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் வைத்திருந்ததும் இதே கம்பெனி வண்டிதான். அதே முந்நூறு கிலோ, அதே அகலக் கைப்பிடி, அதே தாழ்ந்த சீட். ஆனால் அது யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. ஒரு நாள் ஓட்டினால் இரண்டு நாள் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பார்கள். அண்ணன் மெக்கானிக்குக்கும் கொடுத்தான், ஆயில் கடைக்கும் கொடுத்தான். இருந்தும் அவன் தெருவில் திரும்பினால் போதும், தூங்குகிறவர்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள்.

இப்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள். பொத்தானைத் தொட்டால் கிளம்புகிறது. அந்தப் பழைய தடதடப்பை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்களாம், வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறதாம். முதல் நாள் மகள் கிளப்பியபோது சமையலறையில் இருந்த நான், கையில் கரண்டியோடு, "அண்ணா, ஹெல்மெட்!" என்று கத்திவிட்டேன்.

அப்பா வீட்டில் அண்ணன் வண்டிக்கு அடியில் அட்டை மாற்றுவது என் வேலை. "எத்தன சொட்டுடி, வாயாடி?" என்று வாய் நிறைய நுரையோடு, பல் தேய்த்துக்கொண்டே கேட்பான்.

"ஏழு. வாளி வெக்கட்டுமா, கறந்துக்கறியா?" என்பேன்.

"ஒழுகுறவரைக்கும் உள்ள இருக்குன்னு அர்த்தம்" என்பான். அதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். நூறு தடவையும் சிரித்தேன், ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

கடைசி வாரம் மெக்கானிக் ஒழுகலை அடைக்கப் புது கேஸ்கட் போட்டுக் கொடுத்தார். அப்புறம் சொட்டு குறைந்துகொண்டே வந்தது. திங்கள் ஐந்து, புதன் இரண்டு, வியாழன் ஒன்று. காய்ச்சல் இறங்குகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வெள்ளிக்கிழமை அட்டை சுத்தமாக இருந்தது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுக்க அவன் குனிந்தான்.

"அதெல்லாம் வேணாம்ணா, ஒரு சொட்டுகூட இல்ல! உன் வண்டிக்கு நல்ல புத்தி வந்துடுச்சு. கண்ண மூடிட்டுப் போ" என்றேன். நாக்கில் சனி. அவன் நிமிர்ந்தான், சிரித்தான், அப்படியே கிளம்பினான்.

ஒழுகல் நிற்கவில்லை, ஆயில்தான் கிட்டத்தட்ட தீர்ந்திருந்தது. நாற்பதாவது கிலோமீட்டரில் இன்ஜின் இறுகி, பின்சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. இன்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக் அப்பாவிடம், "உள்ள சொட்டு ஆயில் இல்ல சார். எப்பவும் பாத்துட்டுத்தானே எடுப்பான்?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அதற்குப் பிறகு இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பெயர்தான் வாயாடி.

இந்த ஐந்து நாளும் ஷெட்டில் குனியும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் பல் தேய்க்கும் சத்தம் கேட்டது. எத்தன சொட்டுடி? திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆறாம் நாள் மகள் தோழிகளோடு முந்நூறு கிலோமீட்டர் போவதாக இருந்தாள்.

"அம்மா, சாவி எங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"அப்ப சர்க்கரை டப்பாவ எதுக்குக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கற?"

நான் உடைந்துபோனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். "குனிஞ்சவன நிமித்துனதே நான்தான்டி. நான்தான் அவன அனுப்பி வெச்சேன்."

உன் தப்பு இல்லம்மா என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். கையைப் பிடித்து ஷெட்டுக்குக் கூட்டிப் போனாள். "வண்டிய நேரா புடி" என்றாள். பிடித்தேன். குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ரெண்டு கோடு தெரியுதா? நடுவுல நிக்குதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நின்றது. குச்சி நுனியில் ஒரு சொட்டு திரண்டது. அவள் துணியை எடுத்தாள். "துடைக்காத" என்றேன். சொட்டு அட்டையில் விழுந்தது. மகள் துணியை மடித்து வைத்தாள்.

சாவியைக் கொடுத்தபோது, "குறைஞ்சா வண்டியே லைட்டு போட்டுச் சொல்லிடும்மா" என்றாள்.

"லைட்டு சொல்லட்டும். நானும் கேப்பேன்."

அன்று இருட்டுவதற்குள் முழுசாகத் திரும்பி வந்துவிட்டாள். இப்போது தினமும் அவள் ஹெல்மெட் மாட்டும்போது வாசலில் நின்று, "ஆயில் பாத்தியா?" என்று கேட்கிறேன். "பாத்துட்டேன்மா!" என்று கத்திவிட்டுப் போகிறாள். தெருமுனை தாண்டும்வரை அந்தத் தடதடப்பு கேட்கிறது. அது அடங்கியதும் ஷெட்டுக்கு வந்து, அட்டையில் காய்ந்திருக்கும் அந்த ஒரு சொட்டின் பக்கத்தில் நின்று, மெதுவாக இன்னொரு முறை கேட்கிறேன்.

"ஆயில் பாத்தியாண்ணா?"