கூம்பில் ஏறிய மூச்சு

ரீபாவின் ஸ்டூடியோவுக்குப் பிரியதர்ஷினி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள், அதுதான் ஸ்டூடியோ. ரீபா அங்கே சபைப் பாடகர் குழுக்களுக்குப் பாட்டுப் பதிவு செய்வாள், ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு இசை போடுவாள். வயது முப்பத்திரண்டு. ஒரு சத்தத்தில் எதை வைக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று கேட்டவுடன் சொல்லிவிடும் காது தனக்கு இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

வந்தவள் உட்காரவில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண்கள் கபடி அணிக்கு அவள் கேப்டன். வீட்டில் எல்லாருக்கும் வயல் வேலை. அவள் மட்டும் டவுனில் ஒரு பாத்திரக்கடையில் நிற்கிறாள்.

"போன வருசம் விக்கிரமசிங்கபுரத்துப் போட்டியில நாங்க களத்துல எறங்குதோம், மைக்செட்டுல ஒரு சினிமாப் பாட்டப் போட்டு விட்டானுவ. இடுப்பப் பத்தின பாட்டு. கூட்டம் பூரா விசிலடிச்சுச் சிரிக்கு. மொத அஞ்சு நிமிசம் எங்க பிள்ளையளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஏழு பாயிண்டு அங்கனயே போச்சு."

"இந்த வருசம் என்ன வேணும்?"

"வார சனிக்கிழமை ஃபைனல்ல நாங்க எறங்கும்போது எங்க சத்தம் கேக்கணும்க்கா. வேற எவன் பாட்டும் வேண்டாம்."

ரீபாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. "பாடிக் காட்டு" என்றாள். எதிரணியின் பக்கம் போகிறவள் ஒரே மூச்சில் 'கபடி, கபடி' என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும் அல்லவா, அதைத்தான் ஊர்ப்பக்கம் பாடிப் போவது என்பார்கள். மைக் முன்னால் அசையாமல் நின்று பிரியதர்ஷினிக்கு அது வரவில்லை. ரீபா நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டாள். பிரியதர்ஷினி குனிந்து, பக்கவாட்டில் கால் மாற்றி, அறையைச் சுற்றி வந்து பாடினாள். ரீபாவும் கூடவே குனிந்து சுற்றினாள். முப்பத்தெட்டு நொடி, ஒரே மூச்சு.

அன்று சாயங்காலமே ரீபா கம்ப்யூட்டரில் அந்தக் குரலைத் துண்டு போட்டாள். 'க' தனி, 'ப' தனி, 'டி' தனி. சத்தத்தின் ஒவ்வொரு உயரத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈக்குவலைசரைத் திறந்து, ஒவ்வொரு துண்டிலும் வேண்டாத இடங்களைக் குறைத்தாள். மின்விசிறியின் உறுமல் போயிற்று, கீழே கிளினிக்கின் கம்ப்ரசர் போயிற்று. 'ப' சொல்லும்போது உதடு பிரிந்து வரும் காற்றில் கனமான ஓர் அடி இருந்தது. அதன் பேஸை, அதாவது கீழ்ச் சத்தத்தை, தூக்கி முரசு மாதிரி ஆக்கினாள். ஹெட்போனில் கேட்டபோது மார்பில் வந்து இடித்தது.

சித்தி மகன் எஸ்றா அதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அவன் கூரியர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், ரீபாவுக்கு இரண்டு வயது இளையவன். சென்னையில் யாரோ விற்ற பழைய சாம்ப்ளர் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கருப்புப் பெட்டி. மேலே பதினாறு ரப்பர் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சத்தத்தை ஏற்றிவைத்து, விரலால் தட்டி வாசிக்கலாம். ஓரத்தில் சில திருகுகள்.

"எட்டு எடத்துல கொறைக்க, எட்டு எடத்துல கூட்டுத. தெரையப் பாத்துல்லாக்கா வேல செய்யுத" என்றான். "இதுல ஒரே ஒரு ஃபில்டர், ஒரே ஒரு திருகு. காது போதும்னு சொன்னா நிப்பாட்டிர வேண்டியதுதான்."

"ஒரு திருகுல கல்லும் போவும், சோறும் போவும்லே."

"நான் ஒண்ணு செய்யுதேன். அந்தப் பிள்ள எதக் கேக்கோ கேக்கட்டும்."

அவனும் அதே குரலைப் பெட்டியில் ஏற்றி, ஃபில்டரால் மேல் சத்தத்தை மழுக்கி, ஒரு தாளம் செய்துகொண்டு வந்தான். கதகதப்பாக, பழைய ரேடியோ மாதிரி நன்றாகத்தான் இருந்தது. ரீபா அதை ஒப்புக்கொள்ளவும் செய்தாள். ஆனாலும் தன்னுடையதுதான் ஜெயிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு விக்கிரமசிங்கபுரத்து மைதானத்தில் போய் இறங்கினார்கள். இறுதிப் போட்டி நாலு மணிக்கு. மைக்செட்காரர் ஐயம்பெருமாள் வேப்ப மரத்தில் கடைசிக் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தார். மைதானத்தின் நாலு மூலைக்கும் நாலு கூம்பு.

"பாக்ஸ் ஸ்பீக்கர் எங்க அண்ணாச்சி?" என்றாள் ரீபா.

"அது பூரா கல்யாணத்துக்குப் போயிட்டு யம்மா. இன்னைக்கு முகூர்த்த நாள்லா. கூம்புதான். ரெண்டு கிலோமீட்டருக்குக் கேக்கும்."

முதலில் ரீபாவின் தாளத்தைப் போட்டார்கள். 'க' கேட்டது. 'டி' கேட்டது. நடுவில் 'ப' வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. நாலு நாள் உழைத்துத் தூக்கிய பேஸ் அந்தக் கூம்பின் வாய்க்குள் வரவே இல்லை. நொண்டியடிக்கிற மாதிரி 'க... டி, க... டி' என்று போனது தாளம். போதாததற்கு ஒவ்வொரு 'டி'யிலும் கூம்பு ஊசி குத்துவதுபோல் கீச்சிட்டது. களத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள்.

எஸ்றாவின் தாளம் இன்னும் மோசம். கூம்பு எந்தச் சத்தத்தை எடுத்துக் கத்துமோ, அதையெல்லாம் அவன் ஃபில்டர் முன்னமே மழுக்கியிருந்தது. தலையணைக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலக் கேட்டது.

பிரியதர்ஷினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படவில்லை. "சத்தமே இல்லாம எறங்கிக்கிடுதோம்க்கா" என்றாள். "சினிமாப் பாட்டு போடாம இருந்தாப் போதும்."

ரீபாவின் காதுமடல் சுட்டது. தப்பு எங்கே என்று அவளுக்குப் புரிந்துவிட்டது: ஹெட்போனுக்காகச் செய்த வேலையைக் கூம்புக்குக் கொண்டுவந்திருக்கிறாள். புரிந்த பிறகு வருத்தப்பட்டுக்கொண்டு நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை.

"நாலு மணிக்குள்ள சரியாயிரும், நீ பிள்ளையளச் சாப்பிடச் சொல்லு" என்றாள் அவளிடம். பிறகு எஸ்றாவிடம், "லே, பெட்டியக் குடு."

லேப்டாப்பை மைதானத்தில் திறந்தால் வெயிலில் அவள் முகம்தான் திரையில் தெரிந்தது. சாம்ப்ளருக்கு அந்தத் தொல்லை இல்லை. நீளமான வயரை இழுத்துக்கொண்டு, கூம்புக்கு நேர் எதிரே போய் நின்றாள். தன்னுடைய பழைய பதிவிலிருந்து எதையும் கூட்டாத, குறைக்காத 'ப'வைக் கட்டையில் ஏற்றினாள். ஃபில்டரைத் திருப்பிப் போட்டாள். மேல் சத்தத்தை மழுக்காமல், கீழ்ச் சத்தத்தைக் கழிக்கிற பக்கமாக. ஒரு விரலால் தட்டிக்கொண்டே மறு கையால் திருகைப் பைய நகர்த்தினாள்.

"இருக்க பேஸையும் எடுக்கியே" என்றான் எஸ்றா.

"கூம்புல வராத பேஸ் எதுக்கு? அதச் சுமந்துக்கிட்டுதான் மத்தது எந்திரிக்க மாட்டேங்கு."

பாதித் திருகில் அது வந்தது. கனமெல்லாம் போன பிறகு உதட்டுக் காற்றின் வெடிப்பு மட்டும் மிஞ்சி, தொடையைத் தட்டுகிற மாதிரி பளீரென்று விழுந்தது. களத்தில் இறங்கும் ஆட்டக்காரி தொடையைத் தட்டுவாளே, அதே சத்தம்.

'டி'தான் மசியவில்லை. கீச்சை அடக்கத் திருகினால் எழுத்தே காணாமல் போனது. எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் கீச்சும் கூடவே வந்தது. ஒரு திருகுக்கு அதற்குமேல் செய்யத் தெரியாது. குறுகலான ஓர் இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டுமென்றால் ஈக்குவலைசர்தான் வேண்டும்.

மைக்செட் வேனுக்குள் நிழலில் லேப்டாப்பை வைத்து, கூம்புக்கு வயர் கொடுத்தாள். 'டி'யை மட்டும் விடாமல் ஓடவிட்டாள். ஈக்குவலைசர் கோட்டில் ஊசி மாதிரி ஒல்லியாக ஒரு மேட்டை எழுப்பி, அந்த ஓர் இடத்துச் சத்தத்தை மட்டும் கூட்டி, கீழிருந்து மேலே பைய நகர்த்தினாள்.

"எங்க ரொம்பக் கொடூரமாக் கேக்கோ, அங்க கையத் தூக்கு" என்று எஸ்றாவைக் களத்தின் நடுவில் நிறுத்தியிருந்தாள்.

கூம்பு அலறத் தொடங்கியதும் ஐயம்பெருமாள் ஓடி வந்தார். "யம்மா, எம் பொருள ஒடச்சிராத. சொன்னாக் கேளு."

"ரெண்டு நிமிசம் அண்ணாச்சி. நோவு எங்கன இருக்குன்னு தொட்டுப் பாக்கேன், அவ்வளவுதான்."

எஸ்றா இரண்டு கைகளையும் தூக்கினான். ரீபா அதே இடத்தில் மேட்டைப் பள்ளமாக்கினாள். கீச்சு நின்றது. 'டி' நாக்கு பட்டுத் தெறிப்பது போல் சுத்தமாக, முழுசாக வந்தது. ஐயம்பெருமாள் கூம்பை நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட இருவது வருசமா இந்தக் கீச்சு இருக்கு" என்றார். "எல்லா மைக்கையும் மாத்திப் பாத்துட்டேன்."

சரிசெய்த 'டி'யை மெமரி கார்டில் எடுத்து, திரும்பவும் சாம்ப்ளரில் ஏற்றினாள். மூன்று எழுத்து, மூன்று கட்டை. முன்கூட்டிக் கோத்த தாளத்தை அப்படியே ஓடவிட அவளுக்கு இஷ்டமில்லை. "நான் வாசிக்கேன். அவங்க நடையப் பாத்து" என்றாள்.

நாலு மணிக்கு மைதானத்தில் இடமில்லை. எதிரணியான புன்னக்காயல் முதலில் இறங்கி வரிசையில் நின்றது. அடுத்து அம்பாசமுத்திரத்துப் பெண்கள். கூட்டத்தில் ஓரமாக நின்ற சிலர் போன வருஷ ஞாபகத்தில் விசிலடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோனார்கள். பிரியதர்ஷினி கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாள். ரீபா முதல் கட்டையைத் தட்டினாள்.

நாலு கூம்பிலிருந்தும் பிரியதர்ஷினியின் குரல் இறங்கியது. 'க' அழைத்தது, 'ப' தொடை தட்டியது, 'டி' தெறித்தது. ஏழு பேரின் காலடிக்கு ஒன்றாக ரீபாவின் விரல்கள் விழுந்தன. அவர்கள் வேகம் கூட்டினால் அவளும் கூட்டினாள். களத்தின் நடுவில் நின்றபோது அவளும் இழுத்து நிறுத்தினாள். விசில் எதுவும் வரவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கபடி, கபடி என்று கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். அது பெண்கள் பகுதிக்கும் பரவி, கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் குரலே கூம்பை மிஞ்சியது.

நடுவர் கையைத் தூக்கியதும் ரீபா கட்டைகளிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டாள். ஆட்டத்துக்குள் மெஷினுக்கு வேலை கிடையாது. பிரியதர்ஷினி முதல் ஆளாகப் பாடிப் போனாள். முதல் ஐந்து நிமிடத்தில் எட்டுப் பாயிண்ட். அப்புறம் புன்னக்காயல்காரிகள் விடாமல் துரத்தி வந்து நெஞ்சை அடைக்க வைத்தார்கள். முடிவில் முப்பத்து நாலுக்கு முப்பத்தொன்று. அம்பாசமுத்திரம் ஜெயித்தது.

கோப்பை வாங்கிய கையோடு பிரியதர்ஷினி வேனுக்கு வந்து கட்டைகளைத் தட்டிப் பார்த்தாள். மூன்றாவது தட்டில் சிரித்துவிட்டாள். "எனக்கே என்னப் பாத்தாப் பயமா இருக்குக்கா."

அவளுக்குப் பின்னாலேயே புன்னக்காயல் அணியின் கேப்டன் வந்து நின்றாள். முழங்காலில் மண் காயவில்லை. "எங்களுக்கும் இது மாரி செஞ்சு குடுப்பீயளாக்கா? எங்க பிள்ளைய பாடுறது வேற மாரி இருக்கும்."

"எந்தக் கூம்புல போடுவீய?"

"எங்க ஊரு கோயில் கூம்புதான். கடல் காத்துல துருப்பிடிச்சுக் கெடக்கு."

"அப்ப ஸ்டூடியோவுக்கு வரவேண்டாம். நானே அங்கன வாரேன். அந்தக் கூம்புக்குக் கீழயே ஒக்காந்து செய்வோம்" என்றாள் ரீபா. எஸ்றா பெட்டியைத் துடைத்து உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை லீவு தானலே?"

"ஆராதனை முடிஞ்சு வரலாம்" என்றான் எஸ்றா. "லேப்டாப்புக்கு ஒரு குடையும் எடுத்துக்கோ."